தோற்றுப்போன ஒரு டிசைன் 100 வருஷமாக ஏன் பேசப்படுகிறது? 1922 சிகாகோ போட்டி சொல்லும் பாடம்

“வருந்துகிறோம், உங்கள் படைப்பு தேர்வாகவில்லை.”

டிசைன், ஆர்க்கிடெக்சர் படிக்கும் மாணவர்களுக்கு ரொம்பவே பழக்கமான வரி இது. ராத்திரி கண்விழித்து வரைந்த ஷீட்கள், விரலைக் கீறிக்கொண்டு அட்டை வெட்டி ஒட்டிய மாடல், கடைசி நிமிடத்தில் தொங்கிக்கொண்டே இருந்த அப்லோடு என எல்லாவற்றுக்கும் பதிலாக வருவது அந்த ஒற்றை வரி மெயில்தான். மறுநாளே அந்த ஃபோல்டர் ஹார்டு டிஸ்க்கின் ஏதோ ஒரு மூலைக்குப் போய்விடும். பெரும்பாலும் அதை யாரும் திரும்பத் திறப்பதில்லை.

‘தோல்வியிலிருந்து கற்றுக்கொள்’ என்று அறிவுரை சொல்வது எளிது. ஆனால் என்ன கற்பது? யார் கற்பது? எப்படிக் கற்பது? இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான பதில் தரும் ஒரு சம்பவம் 1922-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் நடந்தது. ஒரு பத்திரிகை நிறுவனம் நடத்திய கட்டட வடிவமைப்புப் போட்டி அது. அதில் ஜெயித்த கட்டடம் இன்றும் நிற்கிறது. ஆனால் அமெரிக்க நகரங்களின் உயரமான கட்டடங்கள் மீது அதிகம் தாக்கம் செலுத்தியது, கட்டப்படாமலே போன இரண்டாம் இடத்து டிசைன்தான் என்கிறார்கள் கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள்.

அது என்ன போட்டி?

‘சிகாகோ ட்ரிப்யூன்’ நாளிதழ் தொடங்கியது 1847-ல். 75-வது ஆண்டு விழாவை முன்னிட்டு, 1922 ஜூன் மாதம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. புதிய தலைமை அலுவலகம் கட்டப் போகிறோம், உலகத்திலேயே மிக அழகான அலுவலகக் கட்டடமாக அது இருக்க வேண்டும், எந்த நாட்டு ஆர்க்கிடெக்ட்டும் கலந்துகொள்ளலாம் என்றது அறிவிப்பு.

மொத்தப் பரிசுத் தொகை 1 லட்சம் டாலர். முதல் பரிசு 50 ஆயிரம், இரண்டாம் பரிசு 20 ஆயிரம், மூன்றாம் பரிசு 10 ஆயிரம். மீதி 20 ஆயிரம், சிறப்பு அழைப்பின் பேரில் கலந்துகொண்ட 10 அமெரிக்க நிறுவனங்களுக்கு. அந்தக் காலத்தில் இது மிகப் பெரிய தொகை. முதல் உலகப் போர் முடிந்து 4 வருஷம்தான் ஆகியிருந்தது. ஐரோப்பாவில் ஆர்க்கிடெக்ட்களுக்கு வேலையே இல்லாத நேரம். 20-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 260-க்கும் அதிகமான டிசைன்கள் வந்து குவிந்தன.

வந்தவற்றில் எல்லா ரகமும் இருந்தன. பின்னாளில் நவீன கட்டடக்கலையின் முன்னோடியாகக் கொண்டாடப்பட்ட ஜெர்மனியின் வால்டர் க்ரோபியஸ், அடால்ஃப் மேயருடன் சேர்ந்து அலங்காரமே இல்லாத சட்டகக் கட்டடம் ஒன்றை அனுப்பினார். வியன்னாவின் அடால்ஃப் லூஸ், கட்டடத்தையே ஒரு பிரம்மாண்டமான கிரேக்கத் தூணாக வரைந்து அனுப்பினார். இருவருக்குமே பரிசு இல்லை.

முதல் பரிசு, நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் மீட் ஹவல்ஸ், ரேமண்ட் ஹூட் ஜோடிக்கு. இரண்டாம் பரிசு, ஃபின்லாந்தின் எலியேல் சாரினெனுக்கு.

சாரினென் யார்? அவர் என்ன வரைந்தார்?

1873-ல் பிறந்த சாரினெனுக்கு அப்போது 49 வயது. ஹெல்சின்கி ரயில் நிலையத்தை வடிவமைத்தவர். ஃபின்லாந்தில் பெரிய பெயர். ஆனால் நாடு 1917-ல் சுதந்திரம் அடைந்து, அடுத்த வருஷமே உள்நாட்டுப் போரைச் சந்தித்திருந்தது. பெரிய கட்டுமான வேலைகள் இல்லை. வானளாவிய கட்டடம் எதையும் அவர் அதுவரை கட்டியதும் இல்லை.

‘இரண்டாம் இடம்’ அவருக்குப் புதிதும் அல்ல. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவைத் திட்டமிடுவதற்காக நடந்த சர்வதேசப் போட்டியில், 1912-ல் வால்டர் பர்லி க்ரிஃபினுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தவர் இவர்தான்.

சரி, சிகாகோவுக்கு அவர் அனுப்பிய வரைபடத்தில் அப்படி என்ன இருந்தது?

அந்தக் காலத்து உயரக் கட்டடங்களில் ஒரு பொதுவான சிக்கல் உண்டு. கீழே ஓர் அடித்தளம், நடுவில் ஒரே மாதிரியான மாடிகள், உச்சியில் தொப்பி வைத்தாற்போல் ஓர் அலங்காரம் என்று மூன்று துண்டுகளை ஒட்டியது போலத்தான் பல கட்டடங்கள் இருந்தன. உச்சி அலங்காரத்துக்காக ஆர்க்கிடெக்ட்கள் பழைய தேவாலயத்தையோ கிரேக்கக் கோயிலையோ தேடிப் போனார்கள்.

சாரினென் அந்தத் தொப்பியை எடுத்துவிட்டார். நம்ம ஊர் கோயில் கோபுரம் நிலைநிலையாகச் சுருங்கிக்கொண்டே போவதை நினைத்துப் பாருங்கள். அதுபோல அவருடைய கட்டடம் மேலே போகப் போக, படிப்படியாக உள்வாங்கியபடியே குறுகுகிறது. செங்குத்துக் கோடுகள் கீழிருந்து மேல்வரை கண்ணை இழுத்துக்கொண்டு போகின்றன. எந்த இடத்தில் கட்டடம் முடிந்து உச்சி தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

இது வெறும் அழகு சமாச்சாரம் மட்டும் அல்ல. நியூயார்க்கில் 1916-ல் ஒரு புதிய விதி வந்திருந்தது. தெருவுக்கு வெளிச்சமும் காற்றும் கிடைக்க வேண்டும் என்பதால், குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் கட்டடம் உள்ளே தள்ளிப் போக வேண்டும் என்றது அந்த விதி. சட்டத்துக்காக உள்வாங்க வேண்டியிருந்த கட்டடங்களை எப்படி அழகாக முடிப்பது என்று அமெரிக்க ஆர்க்கிடெக்ட்கள் குழம்பிக்கொண்டிருந்த நேரம் அது. அமெரிக்காவில் அதுவரை எதையும் கட்டாத ஒருவர் அனுப்பிய வரைபடம், அந்தக் குழப்பத்துக்கான விடையைக் கையில் வைத்திருந்தது.

அப்புறம் ஏன் தோற்றார்?

இங்கேதான் முதல் பாடம் இருக்கிறது. நடுவர்களைத் திட்டுவதற்கு முன்னால், அவர்கள் யார், அவர்களுக்கு என்ன தேவைப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

நடுவர்கள் 5 பேர். அவர்களில் ஒருவர்தான் ஆர்க்கிடெக்ட். மற்ற 4 பேரும் ட்ரிப்யூன் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். அதாவது, அந்தக் கட்டடத்துக்குக் காசு கொடுக்கப் போகிறவர்கள், அதில் உட்கார்ந்து வேலை பார்க்கப் போகிறவர்கள்.

ஹவல்ஸ், ஹூட் ஜோடியின் டிசைன் கோதிக் பாணியில் இருந்தது. ஐரோப்பியத் தேவாலயக் கோபுரம் போன்ற உச்சி, அதைச் சுற்றிலும் தாங்கு வளைவுகள். நியூயார்க்கின் புகழ்பெற்ற உல்வொர்த் கட்டடம் 1913-லேயே கோதிக் அலங்காரத்துடன் வந்து மக்கள் மனதைப் பிடித்திருந்தது. எனவே, இது ஏற்கெனவே வேலைக்கு ஆகும் என்று நிரூபணமான பாதை. பார்த்தவுடன் ‘பிரமாதம்’ என்று சொல்ல வைக்கும். ஒரு பத்திரிகை முதலாளிக்கு வேறென்ன வேண்டும்?

நேரமும் சாரினெனுக்கு எதிராக இருந்தது. வெளிநாட்டு டிசைன்கள் கப்பலில் வந்து சேர வேண்டும் என்பதால் கூடுதல் அவகாசம் கொடுக்கப்பட்டிருந்தது. சாரினெனின் வரைபடம் நடுவர்களின் கைக்கு வந்தபோது நவம்பர் மாதக் கடைசி. அதற்குள் அவர்கள் நிறைய டிசைன்களைக் கழித்துக்கட்டி, பிடித்தவற்றை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கட்டத்தில் உள்ளே நுழைந்தும் நேராக இரண்டாம் இடத்துக்குப் போனது என்பதே பெரிய விஷயம். டிசம்பர் தொடக்கத்தில் முடிவு அறிவிக்கப்பட்டது.

தோற்ற டிசைனுக்காகப் பேசியவர்

லூயிஸ் சல்லிவன் என்ற பெயரைக் கட்டடக்கலை மாணவர்கள் கட்டாயம் கேட்டிருப்பார்கள். ‘பயன்பாடே வடிவத்தைத் தீர்மானிக்கிறது’ என்ற கொள்கையைப் பிரபலமாக்கியவர். உயரக் கட்டடங்களின் முன்னோடிகளில் ஒருவர். ஃப்ராங்க் லாய்ட் ரைட்டின் குரு. 1920-களில் அவர் வறுமையில் இருந்தார். வேலை வாய்ப்புகள் வற்றிப்போயிருந்தன.

1923 பிப்ரவரியில் ‘ஆர்க்கிடெக்சுரல் ரெக்கார்டு’ இதழில் அவர் இந்தப் போட்டி பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முதல் பரிசு கிடைத்திருக்க வேண்டியது சாரினெனுக்கே என்பது அதன் சாரம். ஜெயித்த கட்டடம் செத்துக்கொண்டிருக்கும் யோசனைகளின் மேல் நிற்கிறது, சாரினெனின் வரைபடமே எதிர்காலத்தைப் பார்க்கிறது என்று அவர் வாதிட்டார்.

சல்லிவன் ஏன் அப்படிச் சொன்னார் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன விளக்கம். பழைய கோதிக் தேவாலயங்களில், கல் வளைவுக் கூரை சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளுதலைத் தாங்குவதற்காகத்தான் வெளியே தாங்கு வளைவுகளைக் கட்டினார்கள். ஆனால் ட்ரிப்யூன் கட்டடத்தின் எடையைத் தாங்குவது உள்ளே இருக்கும் இரும்புச் சட்டகம். அங்கே தள்ளுகிற கல் கூரையே இல்லை. உச்சியில் இருக்கும் வளைவுகள் வெறும் அலங்காரம்தான். பயன்பாட்டிலிருந்து வடிவம் பிறக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் சொன்ன மனிதருக்கு இது உறுத்தாமல் இருக்குமா?

ட்ரிப்யூன் நிறுவனம் செய்த இன்னொரு காரியமும் இங்கே முக்கியம். 1923-ல் போட்டிக்கு வந்த டிசைன்களைத் தொகுத்து ஒரு பெரிய புத்தகமாக வெளியிட்டது. ஜெயித்தது, தோற்றது என்று பார்க்காமல் எல்லோருடைய வரைபடங்களும் அச்சுக்கு வந்தன. இதனால், சிகாகோவுக்கு வரவே முடியாத ஆர்க்கிடெக்ட்கள்கூட தங்கள் மேஜையில் வைத்து அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்தால் சாரினெனின் கோபுரம் அன்றைக்கே முடிந்து போயிருக்கும்.

அதிகம் கற்றது யார்? ஜெயித்தவர்!

இந்தக் கதையின் சுவாரஸ்யமான திருப்பம் இதுதான். ரேமண்ட் ஹூட்டுக்கு அப்போது 41 வயது. போட்டிக்கு முன்பு கையில் காசில்லாமல், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் கருவிகளுக்கு உறை வடிவமைத்துப் பிழைத்தவர். போட்டிக்கு அழைக்கப்பட்டவர் ஹவல்ஸ்தான். அவர் தன்னோடு ஹூட்டைச் சேர்த்துக்கொண்டார். ஒரே நாளில் ஹூட் நாடறிந்த ஆளானார்.

ஜெயித்த மிதப்பில் அவர் அதே கோதிக் பாணியிலேயே காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் 1924-ல் நியூயார்க்கில் அவர் முடித்த அமெரிக்கன் ரேடியேட்டர் கட்டடத்தைப் பாருங்கள். கறுப்புச் செங்கல், உச்சியில் தங்க நிறம், மேலே போகப் போக உள்வாங்கும் ஒரே திரட்சியான உடல். அதில் சாரினெனின் சாயலைப் பல வரலாற்றாசிரியர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். தன்னிடம் தோற்ற வரைபடத்திலிருந்து ஹூட் கற்றுக்கொண்டார் என்பதே அவர்களின் வாசிப்பு.

1930-ல் நியூயார்க்கில் அவர் முடித்த டெய்லி நியூஸ் கட்டடத்தில் தொப்பியே இல்லை. கீழிருந்து மேல்வரை செங்குத்துக் கோடுகள், தட்டையான உச்சி, அவ்வளவுதான். அந்த டெய்லி நியூஸ் நாளிதழின் நிறுவனர் ஜோசப் பேட்டர்சன். 1922-ல் கோதிக் கோபுரத்தைத் தேர்ந்தெடுத்த நடுவர்களில் அவரும் ஒருவர்! எட்டே வருஷத்தில் ஜெயித்தவரும் மாறிவிட்டார், அவரை ஜெயிக்க வைத்தவரும் மாறிவிட்டார்.

மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் திமோதி ஃப்ளூகர் உள்ளிட்டோர் வடிவமைத்து 1925-ல் திறக்கப்பட்ட பசிபிக் டெலிபோன் கட்டடம், ஹூஸ்டனில் 1929-ல் எழுந்த கல்ஃப் கட்டடம் ஆகியவை சாரினென் வரைபடத்தின் நேரடித் தாக்கத்துக்கு அடிக்கடி காட்டப்படும் உதாரணங்கள்.

இது காப்பி அடிப்பது ஆகாதா? இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர்கள் எடுத்துக்கொண்டது சாரினெனின் கட்டடத்தை அல்ல, ஒரு பிரச்சினைக்கு அவர் கண்டுபிடித்த தீர்வை. உயரமான கட்டடத்தை எப்படி முடிப்பது என்ற கேள்வி எல்லோருக்கும் பொதுவானது.

சரி, தோற்றவர் என்ன ஆனார்?

சாரினென் 20 ஆயிரம் டாலர் பரிசோடு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. தன் வரைபடத்துக்கு எங்கே மரியாதை கிடைத்ததோ அந்த நாட்டுக்கே கிளம்பினார். 1923-ல் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தார். யாரும் கேட்காமலே சிகாகோ ஏரிக்கரைக்கு ஒரு திட்டம் வரைந்தார். அதுவும் நிறைவேறவில்லை.

பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தப் போனார். அங்கே அவரிடம் படித்த ஒரு மாணவரின் அப்பா ஜார்ஜ் பூத், டெட்ராய்ட்டின் பத்திரிகை அதிபர். டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் க்ரான்புரூக் என்ற தன் எஸ்டேட்டில் கல்வி நிறுவனங்கள் அமைக்க வேண்டும் என்பது பூத்தின் கனவு. அந்த வேலை சாரினெனிடம் வந்தது. பள்ளிக் கட்டடங்களை வடிவமைத்தார். 1932-ல் க்ரான்புரூக் கலைக் கல்லூரியின் முதல் தலைவரானார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் உயரக் கட்டடங்களை மாற்றிய இந்த மனிதர், அங்கே தன் கையால் ஒரு வானளாவிய கட்டடம்கூடக் கட்டவில்லை. பள்ளிகள், தேவாலயங்கள், இசை அரங்கம் ஆகியவற்றைத்தான் கட்டினார். தன் யோசனையை மற்றவர்கள் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு வாழ்வது சந்தோஷமா, வலியா என்று வெளியிலிருந்து சொல்வது கஷ்டம். ஆனால் 1922-ல் மூடிய கதவின் முன்னால் அவர் நின்றுகொண்டே இருக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஜெயித்தும் தோற்ற நாற்காலி

க்ரான்புரூக்கில் சாரினெனின் மகன் ஈரோவும் சார்லஸ் ஈம்ஸ் என்ற இளைஞரும் நண்பர்களானார்கள். நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 1940-ல் நடத்திய அறைகலன் வடிவமைப்புப் போட்டியில் இருவரும் சேர்ந்து கலந்துகொண்டு, இரண்டு பிரிவுகளில் முதல் பரிசு வாங்கினார்கள்.

முதுகும் இருக்கையும் ஒரே துண்டாக, உடலின் வளைவுக்கு ஏற்றபடி வளைந்த ப்ளைவுட் நாற்காலி அது. வரைபடத்தில் அற்புதம். தயாரிக்கப் போனபோதுதான் வினையே. ப்ளைவுட்டை ஒரு பக்கமாக வளைக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு திசைகளில் வளைத்தால் விரிசல் விடும். விரிசலை மறைக்க மேலே பஞ்சும் துணியும் வைத்துத் தைக்க வேண்டியிருந்தது. மலிவாக, நிறைய பேருக்கு என்ற மூல நோக்கமே அடிபட்டுப் போனது. கோப்பை கிடைத்தது. நாற்காலி கடைக்கு வரவில்லை.

சார்லஸ் ஈம்ஸ் அதோடு விடவில்லை. 1941-ல் மனைவி ரேயுடன் லாஸ் ஏஞ்சலிஸ் போனார். வாடகைக் குடியிருப்பிலேயே ப்ளைவுட்டை வளைக்கும் ஓர் இயந்திரத்தைத் தயாரித்துச் சோதனை செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக்காகக் காலில் கட்டும் ப்ளைவுட் பட்டைகள் செய்தார்கள். அந்தப் பட்டைகளில் ஆங்காங்கே துளையும் பிளவும் விட்டால், மரம் உடையாமல் வளையும் என்று கற்றார்கள்.

1946-ல் அவர்கள் கொண்டுவந்த நாற்காலியில் தீர்வு ரொம்ப எளிமை: முதுகுக்கு ஒரு துண்டு, இருக்கைக்கு ஒரு துண்டு. ஒரே துண்டாகத்தான் இருக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுக் கொடுத்தார்கள். 1999-ல் ‘டைம்’ இதழ் இந்த வகை நாற்காலியை 20-ம் நூற்றாண்டின் சிறந்த வடிவமைப்பாகத் தேர்வு செய்தது.

இந்த ஈம்ஸ் தம்பதிக்கு இந்தியாவுடனும் நேரடித் தொடர்பு உண்டு. இந்திய அரசின் அழைப்பின் பேரில் வந்து நாடு முழுக்கச் சுற்றி, 1958-ல் ‘இந்தியா ரிப்போர்ட்’ என்ற அறிக்கையைக் கொடுத்தவர்கள் இவர்கள்தான். அன்றாடம் தண்ணீர் மொள்ளும் சொம்பை மிகச் சிறந்த வடிவமைப்பு என்று அதில் வியந்திருப்பார்கள். அந்த அறிக்கையின் அடிப்படையில் 1961-ல் அகமதாபாத்தில் தொடங்கப்பட்டதுதான் தேசிய வடிவமைப்புக் கழகம். இன்று நுழைவுத்தேர்வு எழுதி அங்கே இடம்பிடிக்கத் துடிக்கும் மாணவர்கள் பலருக்கும் இந்தப் பின்கதை தெரிந்திருக்காது.

தவறான கைக்குப் போன தந்தி

சாரினென் குடும்பத்தில் போட்டிகள் விடாமல் தொடர்ந்தன. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நினைவுச் சின்னம் அமைக்க 1947-ல் ஒரு தேசியப் போட்டி நடந்தது. 172 டிசைன்கள் வந்தன. அப்பா எலியேல், மகன் ஈரோ இருவருமே தனித்தனியாக அனுப்பினார்கள்.

முதல் சுற்றில் 5 டிசைன்கள் தேர்வாயின. வாழ்த்துத் தந்தி அப்பா பெயருக்கு வந்தது. குடும்பமே கூடி ஷாம்பெய்ன் உடைத்துக் கொண்டாடியது. அப்புறம்தான் தவறு நடந்துவிட்டது தெரிந்தது. தேர்வானது அப்பா அல்ல, மகன்! இன்னொரு பாட்டிலைத் திறந்து மகனை வாழ்த்தினாராம் அப்பா. 1948-ல் இறுதிச் சுற்றிலும் ஈரோவே ஜெயித்தார். 192 மீட்டர் உயரத்தில் இன்று அங்கே நிற்கும் வளைவு அவருடையது.

1957-ல் ஈரோ நாற்காலியின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சிட்னி ஓபரா ஹவுஸ் போட்டியின் 4 நடுவர்களில் அவரும் ஒருவர். 200-க்கும் மேற்பட்ட டிசைன்களில், டென்மார்க்கின் யோர்ன் உட்ஸன் அனுப்பியது முதலிடம் பெற்றது. ஈரோ தாமதமாக வந்தார், மற்றவர்கள் ஏற்கெனவே கழித்துப் போட்ட கட்டிலிருந்து உட்ஸனின் வரைபடத்தைத் திரும்ப எடுத்தார் என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. அதன் விவரங்களை எல்லா ஆய்வாளர்களும் ஏற்பதில்லை. ஆனால் அந்த டிசைனுக்காக அவர் உறுதியாக நின்றார் என்பது பதிவான விஷயம். நடுவர் மேஜைக்குத் தாமதமாக வந்ததால் இரண்டாம் இடத்தோடு நின்ற ஒரு வரைபடத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவர்.

எல்லாத் தோல்வியும் இப்படி முடியுமா?

முடியாது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1922-ல் 260-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். அவர்களில் பெரும்பாலானோரின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. சாரினென் இரண்டாம் பரிசு வாங்கியவர், ஏற்கெனவே தேர்ந்த ஆர்க்கிடெக்ட். சல்லிவன் போன்ற ஒருவர் அவருக்காக எழுதினார். இந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்காது. ‘தோற்றால் கவலை வேண்டாம், வரலாறு உங்களைக் கொண்டாடும்’ என்று சொன்னால் அது பொய்.

அதே நேரம், அதிர்ஷ்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இந்தக் கதையில் நம் கைக்கு எட்டுகிற விஷயங்கள் சில இருக்கின்றன.

1. யோசனை தோற்றதா, பொருத்தம் தோற்றதா? சாரினெனின் யோசனையில் குறை இல்லை. அந்த நடுவர்களுக்கு, அந்த நேரத்துக்கு அது பொருந்தவில்லை. ஈம்ஸ் நாற்காலிக்கு நடந்தது நேர் எதிர். நடுவர்களுக்குப் பிடித்தது, பொருளின் இயல்புக்குப் பொருந்தவில்லை. முதல் வகை என்றால் யோசனையை வேறு இடத்துக்குக் கொண்டு போக வேண்டும். இரண்டாம் வகை என்றால் யோசனையையே மாற்ற வேண்டும். எது என்று தெரியாமல் ‘நடுவர்கள் சரியில்லை’ என்றோ ‘எனக்குத் திறமை இல்லை’ என்றோ முடிவுக்கு வருவதில் எந்தப் பயனும் இல்லை.

2. ஜெயித்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹூட் தன்னிடம் தோற்றதைப் பார்த்துக் கற்றார். தோற்றவர் ஜெயித்ததைப் பார்ப்பது அதைவிட அவசியம். போட்டி அறிவிப்பில் கேட்டிருந்த ஒவ்வொரு தேவையையும் வரிசையாக எழுதி, இரண்டு டிசைன்களும் அதற்கு என்ன பதில் சொல்கின்றன என்று ஒப்பிட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். நடுவர் குழுவின் குறிப்பு வெளியாகியிருந்தால் அதை முதலில் படிக்க வேண்டும். வெளியாகவில்லை என்றால் மரியாதையாகக் கேட்டுப் பார்ப்பதில் தப்பே இல்லை.

3. எதை விட முடியும் என்று பாருங்கள். ‘ஒரே துண்டு’ என்ற பிடிவாதத்தை விட்ட பிறகுதான் நாற்காலி பிறந்தது. உடலுக்கு ஏற்ற வளைவு, மலிவான விலை என்ற முக்கியமான இரண்டையும் அவர்கள் விடவில்லை. தோற்ற டிசைனில் உயிர் எது, அலங்காரம் எது என்று பிரிப்பதற்கு ரிசல்ட் வந்து ஒரு மாதம் கழித்து உட்காருவது நல்லது. முதல் நாள் கோபத்தில் எல்லாமே உயிராகத் தெரியும்.

4. வெளியே வையுங்கள். புத்தகத்தில் அச்சானதால்தான் சாரினெனின் வரைபடம் நகரம் நகரமாகப் போனது. போட்டி விதிகள் அனுமதித்தால், தோற்ற படைப்பையும் போர்ட்ஃபோலியோவில் சேர்க்கலாம். பரிசு கிடைக்கவில்லை என்று நேர்மையாக எழுதி, இன்று வரைந்தால் எதை மாற்றுவேன் என்று இரண்டு வரி சேர்த்தால் போதும்.

போட்டி நடத்துபவர்களுக்கும் ஒரு பாடம்

கல்லூரி விழா முதல் அரசுத் துறை லோகோ போட்டி வரை, பல இடங்களில் ஜெயித்த படைப்பு மட்டும்தான் வெளியே வருகிறது. மற்றவை என்ன ஆயின என்றே தெரியாது. கலந்துகொண்ட எல்லோருடைய உழைப்பும் ஒரு மெயிலோடு முடிந்துவிடுகிறது. 100 வருஷத்துக்கு முன்பு, இன்டர்நெட் இல்லாத காலத்தில், ஒரு பத்திரிகை தனக்கு வந்த டிசைன்களை அச்சடித்துக் கொடுத்தது. அதில் ‘நீங்க தப்பா தேர்வு செஞ்சுட்டீங்க’ என்று உலகமே சொல்லக்கூடிய ஆபத்து இருந்தது. அப்படியே சொல்லவும் செய்தது. ஆனாலும் அந்தப் போட்டி இன்றைக்கும் பேசப்படுவதற்குக் காரணம் அந்தப் புத்தகம்தான். இன்று ஓர் இணையப் பக்கத்தில் படைப்பாளிகளின் ஒப்புதலோடு எல்லாவற்றையும் ஏற்றுவதற்கு எவ்வளவு செலவாகிவிடப் போகிறது?

அந்தக் கட்டடம் இப்போது எப்படி இருக்கிறது?

ட்ரிப்யூன் கோபுரம் 1925-ல் கட்டி முடிக்கப்பட்டது. சுமார் 141 மீட்டர் உயரம். சிகாகோவாசிகளுக்கு இன்றும் பிடித்தமான கட்டடம் அது. 2018-ல் பத்திரிகை அங்கிருந்து கிளம்பிவிட்டது. இப்போது உள்ளே இருப்பவை அடுக்குமாடி வீடுகள்.

சிகாகோவின் மேடிசன் தெருவில் 1990-ல் இன்னொரு கட்டடம் வந்தது. படிப்படியாக உள்வாங்கி மேலே குறுகும் அதன் உச்சிக்கு சாரினெனின் 1922 வரைபடமே தூண்டுதல் என்கிறார்கள். அதை வடிவமைத்த சீஸர் பெல்லி, இளம் வயதில் ஈரோ சாரினெனின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பின்னாளில் கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களை வடிவமைத்த அதே பெல்லிதான்.

ரிசல்ட் வந்து 68 வருஷம் கழித்து, தோற்ற ஊரிலேயே அந்த வரைபடத்தின் சாயலில் ஒரு கட்டடம் எழுந்தது. அதைப் பார்க்க எலியேல் சாரினென் இல்லை. 1950-லேயே காலமாகிவிட்டார். வரைபடம் மட்டும் யார் யார் மேஜையிலோ திறந்தபடியே இருந்தது.